சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கந்தெலே எதற்கு?

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பிப்ரவரி 28, பின்லாந்தின் தேசியக் காவியமான கலேவலாவின் நாள். அதையொட்டி, இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை இரண்டாம் மணி நேரத்தைக் கந்தெலே என்ற நரம்புக் கருவியோடு பின்லாந்து நாட்டுப்புற இசைக்கும் ஆட்டத்துக்கும் ஒதுக்கியிருக்கிறோம். செய்தி போனதுமே சிலர் கேட்டுவிட்டீர்கள்: “வாரத்துக்கு இரண்டே மணி நேரம் தமிழ். அதிலும் இதுவா? அதுதான் பிள்ளைகள் வாரநாளில் படிக்கும் பின்லாந்துப் பள்ளியிலேயே சொல்லித்தருகிறார்களே?” நியாயமான கேள்விதான்.

போன வாரம் ஐந்தாம் வகுப்பில் பலகையில் கலேவலா நாயகனைப் பற்றிய ஓர் அடி எழுதினேன்: ‘வகா வன்ஹா வைனாமொய்னென்’. மோனை என்றாலே கொட்டாவி விடும் ஒரு பையன் சட்டென்று, “டீச்சர், வ, வ, வை! இது மோனை!” என்றான். ஆமாம், மோனையேதான். எலியாஸ் லொன்ரொத் ஊர் ஊராகப் போய்க் கேட்டெழுதி 1835இல் வெளியிட்ட கலேவலாவின் பாட்டுகளில் அடிக்கு எட்டு அசை. அடிக்குள் சொற்களைக் கட்டிப்போடுவது மோனை. ஒருவர் அடியைப் பாட, கடைசி அசைகளில் இன்னொருவர் சேர்ந்துகொண்டு அதையே திரும்பப் பாடுவார். நம் ஊர் முன்பாட்டு, பின்பாட்டு. அந்தக் காவியம் முழுவதையும் 1994இல் தமிழில் தந்த உதயணன் (ஆர். சிவலிங்கம்) ஹெல்சிங்கியில் வாழ்ந்த நம்மவர் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. இலக்கணப் புத்தகத்தை வைத்து ஒரு மாதம் போராடியும் எனக்கு வராத பலன் அந்த ஓர் அடியில் வந்தது.

கந்தெலேயும் அப்படித்தான். ஐந்து நரம்பு; ச ரி க ம ப என்றே வைத்துக்கொள்ளலாம். நடு நரம்பை அரைச்சுரம் இறக்கினால் அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகிவிடும், பாட்டின் முகமே மாறிவிடும். பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், நொடியில் சொல்வார்கள்.

எனக்கு இன்னும் பெரிய பாடம் கௌஸ்தினென். பின்லாந்தில் சுமார் 4,000 பேர் வாழும் ஊர். கல்யாண வீடுகளில் வாசித்து வாசித்தே பிடில் அங்கே நிலைத்தது. 1968 முதல் ஒவ்வொரு ஜூலையிலும் அங்கே நாட்டுப்புற இசை விழா நடக்கிறது; 2021இல் அந்த ஊர்ப் பிடில் வாசிப்பு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. பட்டியல் கிடக்கட்டும். 1980களில் பிடில் கலைஞர் மௌனோ யார்வெலா அங்கே தொடங்கிய ‘நேப்பரித்’ முறையில் நேற்றுச் சேர்ந்த குழந்தையும் பல வருடம் வாசித்தவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். நன்றாக வரட்டும், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று யாரும் காத்திருக்க வைப்பதில்லை. நாமோ றகர ரகரப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டே பாதிப் பிள்ளைகளின் வாயை அடைத்துவிடுகிறோம். என் வகுப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆகவே அந்தச் சனிக்கிழமையிலிருந்து பாட்டு நேரத்தில் எல்லா வகுப்பும் ஒன்றாக உட்காரும், பெரிய பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை.

ஆட்டத்துக்கு லெட்காயெங்க்காவைத் தேர்ந்திருக்கிறோம். இது 1960களில் பிரபலமானதுதான், ஆனால் பழைய யெங்க்கா ஆட்டத்தின் வாரிசு. முன்னால் இருப்பவரைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று, இடக்கால் இரண்டு உதை, வலக்கால் இரண்டு உதை, முன்னே ஒரு குதி, பின்னே ஒரு குதி, மறுபடி முன்னே மூன்று. ஆசிரியர்கள் நாங்கள் நடைவழியில் ஒத்திகை பார்த்தோம். பின்னே குதிக்க வேண்டிய இடத்தில் நான் முன்னே குதித்து ஒருவர் காலை மிதித்துவிட்டேன். பெற்றோரும் வரிசையில் சேரலாம், சேர வேண்டும்.

அனுமதிச் சீட்டைப் புதன்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள். கம்பளிக் காலுறையோடு ஆட வேண்டாம், தரை வழுக்கும். உள்ளே போடும் காலணி கொடுத்துவிடுங்கள். வீட்டில் கந்தெலே இருந்தால் கால் மணி நேரம் முன்னதாகவே கொண்டுவாருங்கள். வெளிக்குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்தால் சுருதி கலைந்துவிடும், திரும்பச் சேர்க்க நேரம் வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்