கால்சியம் ஏறலைன்னு எழுதிடாதே

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூணு வாரமாச்சு. திட்டு, வாங்கிக்கிறேன். அம்மாவுக்குக் கால்வலி தேவலையா?

நீ அனுப்பின கிராஃபைப் பார்த்தேன். ஐஜிஜிங்கிற ஆன்டிபாடி பூசின 3 மைக்ரான் மணியை (அதான், பீட்) மேக்ரோஃபேஜ், அந்த விழுங்குற வெள்ளை அணு, நல்லாவே விழுங்குது, செல்லுக்குள்ள கால்சியம் ஏறினா எழ வேண்டிய கோடு மட்டும் தட்டையா கிடக்கு. அதை வெச்சு ‘சிக்னலே இல்லை’ன்னு கண்ணாடி சாருக்கு அனுப்பப் போறியாம். நில்லுடா.

மணி ஒட்டினதும் ஐஜிஜியைப் பிடிக்கிற எஃப்சி ரிசெப்டருங்க செல் மேல கும்பலா சேரும். சார்க் (Src) வகை கைனேஸ், அதாவது பாஸ்பேட் ஒட்டுற என்சைம், அதுங்க வாலுல பாஸ்பேட் போடும், அதைப் பிடிச்சுக்கிட்டு சிக் (Syk)ங்கிற இன்னொரு கைனேஸ் வரும், சிக் போய் பிஎல்சி காமாங்கிற வெட்டுற என்சைமைக் கிளப்பும். அது சவ்வுல இருக்கிற பிப்2-ங்கிற கொழுப்பை வெட்டினா ஐபி3-ங்கிற துண்டு கழண்டு ஓடி, செல்லுக்குள்ள இருக்கிற ஈஆர் பையில அடைச்சு வெச்ச கால்சியத்தைத் திறந்துவிடும். இவ்வளவும் உன் தட்டுல நடந்திருக்கலாம், உன் சாயத்துக்குத் தெரியலை, அவ்வளவுதான்.

மேக்ரோஃபேஜ் உன் கால்சியம் சாயம் ஃப்ளூவோ-4-ஐ வெளியே தள்ளிடும். அதைத் தடுக்கிற ப்ரோபெனிசிட் 2.5 மில்லிமோலார் போட்டியா? சோடியம் ஹைட்ராக்சைடுல கரைச்சுட்டு பிஹெச்சை 7.4-க்கு இறக்க மறந்தா செல்லே போயிடும். அடுத்தது, சாயம் ஏத்தினது ‘ரூம் டெம்பரேச்சர்ல 30 நிமிஷம்’னு எழுதியிருக்கே. எந்த ரூம்? இங்கே பெங்களூருல 24 டிகிரி. வேலூர் அக்னி நட்சத்திரத்துல கரண்ட் போய் ஏசி நின்னா அதுக்குப் பேரு ரூமா, அடுப்படியா? சூட்டுல சாயம் உள்ளே இருக்கிற பைகளுக்குள்ள போய் அடைஞ்சுக்கும். மைக்ராஸ்கோப்புல பாரு: செல் முழுக்க ஒரே சீரா ஒளிரணும். மிளகு தூவின மாதிரி புள்ளி புள்ளியா இருந்தா அந்தத் தட்டைத் தூக்கிப் போடு.

இன்னொண்ணு, 50 செல்லைச் சேர்த்து சராசரி எடுத்திருக்கே. ஒவ்வொண்ணுக்கும் மணி ஒவ்வொரு நேரத்துல ஒட்டும், மேடும் பள்ளமும் கலந்து சமமாயிடும். ஐஸ்ல 10 நிமிஷம் ஒட்டவிட்டு அப்புறம் 37-க்கு ஏத்து. ரெண்டு செகண்டுக்கு ஒரு படம் எடு, செல் செல்லாப் பிரிச்சுப் போடு. மணி பாட்டில்ல கெடாம இருக்கப் போட்ட அசைடு விஷம் இருக்கும், மூணு தடவை கழுவினியா?

கடைசியா, கால்சியத்தை நேரா செல்லுக்குள்ள ஏத்துற ஐயனோமைசின் 2 மைக்ரோமோலார் விடு. அதுக்கும் கோடு எழலைன்னா கோளாறு சாயத்துல, செல்லு மேல பழி போடாதே.

இப்ப நிஜமாவே சொல்றேன். எல்லாம் சரி பண்ணியும் ஏறலைன்னாக்கூட ‘சிக்னல் இல்லை’ன்னு எழுத முடியாது. கால்சியத்தைக் கட்டிப்போட்டாலும் ஐஜிஜி பூசின துகளை மேக்ரோஃபேஜ் விழுங்கினதைப் பார்த்திருக்காங்க. துகளைச் சுத்தி செல் எழுப்புற கிண்ணத்தை மூட வைக்கிறது பிஐ3 கைனேஸ்ங்கிற இன்னொரு என்சைம் பக்கத்து வேலை. அதைத் தடுக்கிற வோர்ட்மானின் போட்டா பெரிய துகள் பாதி வாயில நிக்கும். அதுவும் சிக்னல்தானே?

சாயம் ஏத்தினதும் ஒண்ணு, மணி போட்டதும் ஒண்ணு, ஐயனோமைசின் விட்டதும் ஒண்ணு, மூணு படம் எனக்கு முதல்ல அனுப்பு. கண்ணாடி சாருக்கு அப்புறம்.

உன்,
பெங்களூர்க்காரன்