குறைச்சலாகக் குடித்தவன் ஓட்டினானாம்

அன்புள்ள கண்ணா,

பெரம்பூரிலிருந்து சோழிங்கநல்லூருக்குக் கடிதமா என்று சிரிப்பாய். போனில் பேசினால் நான் முடிப்பதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்று நீ முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். மீட்டிங் நடுவில் திருட்டுத்தனமாகப் படிக்காமல், ரூமுக்குப் போய் உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ சொன்னதைப் பற்றித்தான். ஈசிஆரில் யாருக்கோ பிறந்தநாள், ராத்திரி ஒரு மணிக்குத் திரும்பினோம், "நான் ஓட்டலம்மா, இருக்கிறதிலேயே குறைச்சலா குடிச்சவன்தான் ஓட்டினான், ஒரே ஒரு பீர்" என்றாய். ஏதோ பெரிய பொறுப்போடு நடந்துகொண்ட மாதிரி சொன்னாய். சித்தி வீட்டுக்காரர்கள் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

நீ குடிப்பதைப் பற்றி இந்தக் கடிதத்தில் சண்டை போடப் போவதில்லை. அந்தச் சண்டை தனி, அது தொடரும். இப்போது பேச்சு கார் சாவியைப் பற்றி மட்டும்.

முதலில் அந்த ஒரே ஒரு பீர். உங்கள் ஐந்து பேருக்குள் யார் குறைச்சல் என்று சட்டம் பார்ப்பதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால், அதற்கு மேல் போனால் குற்றம், அவ்வளவுதான். 650 மில்லி பாட்டில், 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலே அதில் சுமார் 25 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆளுக்கு அது ரத்தத்தில் ஏறக்குறைய 50 மில்லிகிராம். சாப்பிட்ட சாப்பாடு, எடுத்துக்கொண்ட நேரம், உடல்வாகு எல்லாம் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். பாட்டிலில் ஸ்ட்ராங் என்று போட்டிருந்தால் கணக்கு இன்னும் மேலே போகும். ஒரு குவார்ட்டர் அடித்தவன் நூறைத் தாண்டிவிடுவான். ஆக உங்களில் குறைச்சலாகக் குடித்தவனும் சட்டப்படி குடித்தவன்தான்.

"பத்து நிமிஷ டிரைவ்தானே" என்பாய். அதில்தான் விஷயமே இருக்கிறது. கடைசி மடக்கு உள்ளே போன பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே இருக்கும். கேட்டில் நின்று "நான் ஸ்டெடி" என்று சொன்னவன் அக்கரை சிக்னலில் திரும்பும்போது வேறு ஆள். கால் தடுமாறுவதெல்லாம் பிறகு வருவது. முதலில் போவது, தன்னால் முடியுமா முடியாதா என்று எடைபோடுகிற புத்திதான். அது போய்விட்டதைக் கண்டுபிடிக்கவும் அதே புத்திதான் வேண்டும். அதனால்தான் குடித்தவன் எவனும் "எனக்கு ஏறிவிட்டது" என்று சொல்வதில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 17 மீட்டர் ஓடும். பிரேக்கை ஒரு விநாடி தாமதமாக மிதித்தால் ஒரு மாநகரப் பேருந்தின் நீளத்துக்கும் மேலே சும்மாவே போய்விடுகிறோம்.

ஏலக்காய், மின்ட், எலுமிச்சை, பால் இல்லாத காபி, குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவது என்று உங்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருப்பீர்கள். வாய் மணக்கும். மெஷின் பார்ப்பது நுரையீரலிலிருந்து வருகிற காற்றை. கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும், அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. நள்ளிரவு 12 மணிக்கு 150-ல் இருப்பவன் 30-க்கு இறங்கவே காலை எட்டு மணியாகும். தூங்கி எழுந்தேன், தலைக்குக் குளித்தேன், ஆபீஸுக்குக் கிளம்பினேன் என்கிறவனும் போதையில்தான் ஓட்டுகிறான். இதை நீ யோசித்தே இருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

பிடிபட்டால் என்ன என்பது உனக்கே தெரியும். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த தடவை 15,000, இரண்டு வருஷம் வரை. லைசென்ஸையும் சஸ்பெண்ட் செய்வார்கள். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கலாம்: மோட்டார் வாகனச் சட்டம் 188-ஆவது பிரிவில் உடந்தையாக இருந்தவனுக்கும் அதே தண்டனை. 2022 அக்டோபரில் சென்னை டிராஃபிக் போலீஸ் இதைச் சொல்லித்தான் கூட உட்கார்ந்து வருகிறவர்களுக்கும் அபராதம் என்று அறிவித்தார்கள். உன் கார், உன் சாவி, நீயே பக்கத்து சீட்டில். உடந்தை இல்லை என்று எப்படிச் சொல்வாய்?

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. 2003-லிருந்து மதுக்கடை நடத்துவது அரசாங்கம். பத்து மணிக்குக் கடையை மூடிவிட்டு, பதினொரு மணிக்கு மேம்பாலத்துக்குக் கீழே நின்று ஊதச் சொல்வதும் அரசாங்கம். ஹோட்டல் பாரில் கார் நிறுத்த இடம் கொடுத்து, சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். குடிக்க வருகிறவன் ஏன் கார் ஓட்டிக்கொண்டு வருகிறான் என்று யாரும் கேட்பதில்லை. சரி, அதை இங்கே நிறுத்துகிறேன். உன் அப்பா என்றால் இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருப்பார்.

அபராதம் எல்லாம் சின்ன விஷயம், கண்ணா. நான் எங்கே வேலை பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். ஹைகோர்ட் வளாகத்து ஸ்மால் காசஸ் கோர்ட்டில் டைப்பிஸ்ட் என்று மட்டும்தான் தெரியும். என்ன டைப் அடித்தேன் என்று நீ கேட்டதில்லை, நானும் வீட்டுக்கு வந்து சொன்னதில்லை. விபத்து இழப்பீட்டு வழக்குகளின் தீர்ப்புகளைத்தான் அதிகம் அடித்திருக்கிறேன். செத்தவருக்கு விலை போடுகிற கணக்கு எனக்கு மனப்பாடம்.

எப்படிப் போடுவார்கள் என்று சொல்கிறேன். ஈஞ்சம்பாக்கத்தில் ரோட்டோரம் இளநீர் விற்கிற ஒருவர் என்று வைத்துக்கொள். வயது 32. மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான அம்மா. மாதம் எவ்வளவு சம்பாதித்தார் என்று முதல் கேள்வி வரும். இளநீர்க்காரருக்கு ஏது சாலரி ஸ்லிப்? மனைவி கூண்டில் நின்று 25,000 வரும் என்பார். எதிர்த்தரப்பு வக்கீல் ஆதாரம் கேட்பார். கடைசியில் நீதிமன்றமே ஒரு தொகை வைக்கும், 15,000 என்று எடுத்துக்கொள்வோம். எதிர்காலத்தில் வருமானம் கூடியிருக்கும் என்று 40 சதவீதம் சேர்ப்பார்கள், 21,000 ஆகும். உயிரோடு இருந்தால் தனக்கென்று செலவழித்திருப்பார் அல்லவா, நான்கு பேர் அவரை நம்பி இருப்பதால் அதற்குக் கால் பங்கைக் கழிப்பார்கள். மீதி 15,750. வருஷத்துக்கு 1,89,000. அதை 16-ஆல் பெருக்க வேண்டும். 31-லிருந்து 35 வயது வரைக்கும் 16 என்று 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அட்டவணையே போட்டுக் கொடுத்திருக்கிறது. மொத்தம் 30,24,000 ரூபாய். புருஷன் இல்லாமல் போனதற்குத் தனியாக ஒரு தலைப்பு உண்டு. 2017-ல் அதற்கு 40,000 என்று நிர்ணயித்தார்கள், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூடும். ஈமச்சடங்குக்கு 15,000.

தீர்ப்பு வந்ததும் குழந்தைகளின் பங்கை பேங்கில் டெபாசிட் போடச் சொல்வார்கள், 18 வயது ஆகும் வரை தொட முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மட்டும் அம்மா எடுத்துக்கொள்ளலாம். இதுவும் தீர்ப்பில் ஒரு வரியாக வரும். அதை அடிக்கும்போது குழந்தையின் வயதையும் அடிக்க வேண்டும். நான்கு, இரண்டரை, சில சமயம் பிறந்து சில மாதங்கள்தான். வராந்தாவில் காத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் வாய்தாவுக்கு அழுதுகொண்டு வருவார்கள். வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். கடைசி வாய்தாக்களில் அழுகை இருக்காது, பிளாஸ்டிக் கவரில் ஜெராக்ஸ் காப்பிகள்தான் இருக்கும். எனக்கு அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

உன் வயதுக்காரர்களின் வழக்கும் வரும். 26-லிருந்து 30 வரை 17. கல்யாணம் ஆகாதவன் என்றால் பாதியைக் கழித்துவிடுவார்கள். அந்தக் கணக்கை நான் இங்கே போடப் போவதில்லை.

அந்த 30 லட்சத்தை யார் கட்டுவது? "இன்சூரன்ஸ் இருக்கும்மா" என்று நீ சொல்வது காதில் விழுகிறது. ஓட்டியவன் குடித்திருந்தான் என்றால் அது பாலிசி நிபந்தனையை மீறியதாகும். முதலில் கம்பெனி அந்தக் குடும்பத்துக்குக் கட்டட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று தீர்ப்பாவது சகஜம். உரிமையாளர் யார்? அன்றைக்கு ஓட்டிய உன் சிநேகிதன் இல்லை. ஆர்சி புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவன்தான். பெட்டிஷனில் முதல் எதிர்மனுதாரராக வண்டி உரிமையாளரின் பெயரை அடித்து அடித்து என் விரலுக்குப் பழகிப்போயிருக்கிறது. உன் வண்டிக்கு ஆன சேதத்துக்கு ஒரு பைசா வராது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இது சிவில் கணக்கு. கிரிமினல் வேறு கோர்ட்டில் ஓடும். கவனக்குறைவால் மரணம் என்றால் ஐந்து வருஷம் வரை. குடித்துவிட்டு ஓட்டினால் ஆள் சாகலாம் என்று தெரிந்தே ஓட்டினான் என்று போலீஸ் வேறு பிரிவில் போட்டால் பத்து வருஷம் வரை போகும். 2006-ல் மும்பை கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளிகள் மேல் கார் ஏறி ஏழு பேர் செத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அடிப்படையில்தான் 2012-ல் தண்டனையை உறுதி செய்தது. நீ வெளிநாட்டுக்கு ஆன்சைட் போகக் காத்திருக்கிறாய். கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்குக்கூடக் கோர்ட் படியேறி அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குடிக்கப் போகிற இடத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு போகாதே. எடுத்துக்கொண்டு போயே ஆக வேண்டும் என்றால், முதல் பாட்டில் திறப்பதற்கு முன்னால் ஆக்டிங் டிரைவருக்குச் சொல்லி வை. ஒரு மணிக்கு மேல் தேடினால் கிடைக்க மாட்டார், அப்புறம் "நானே ஓட்டறேன் மச்சி" என்று ஒருவன் கிளம்புவான். ஆக்டிங் டிரைவர் இல்லையா, காரை அங்கேயே விட்டுவிட்டு ஓலாவோ ஊபரோ பிடி. விடிந்ததும் அல்ல, மதியத்துக்கு மேல் போய் எடுத்துக்கொள், மேலே சொன்ன கணக்குப்படி. யாராவது சாவியைக் கேட்டால், தருவதில்லை என்று எங்கள் வீட்டில் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள் என்று சொல். அம்மா பேச்சைக் கேட்கிறவன் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.

இன்னொன்று. உங்கள் வண்டியோ வேறு யார் வண்டியோ, யாரையாவது இடித்துவிட்டால் அந்தக் கூட்டத்தில் ஒருவன் "போயிடலாம்டா" என்பான். போகக் கூடாது. முதலில் 108. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் போலீஸுக்குச் சொல்வதும் ஓட்டியவனின் சட்டக் கடமை. 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும்கூட. பணம் யார் கட்டுவது என்று ரோட்டில் நின்று யோசிக்க வேண்டாம்.

அர்த்த ராத்திரியில் வீட்டுக்குப் போன் செய்தால் அப்பா கத்துவார் என்று பயப்படாதே. அவரிடம் பேசிவிட்டேன். மூன்று மணியானாலும் டாக்சி பிடித்துக்கொண்டு அவர் வருவார், வண்டியை அவரே ஓட்டி வருவார், வழியில் ஒரு வார்த்தை பேச மாட்டார். மறுநாள் பேசுவார், அதைத் தடுக்க என்னால் முடியாது.

அன்றைக்கு ஓட்டிய பையனிடமும் இதைக் காட்டு. நல்ல பையன்தான், நம் வீட்டில் இரண்டு தடவை சாப்பிட்டிருக்கிறான். என் மேல் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை. அடுத்த சனிக்கிழமை மகாபலிபுரம் பக்கம் ஏதோ ரிசார்ட் என்றாயே, அதற்கு யார் ஓட்டுகிறார்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் எனக்குச் சொல். பெயரோடு சொல், "பார்த்துக்கலாம்மா" என்று பதில் போடாதே.

அம்மா