ஐந்து மனையும் ஐந்து மாவும்

ஹெரிஃபோர்ட் பக்கம், இங்கிலாந்து,
2 மே 2024

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. சமையலறை இழுப்பறையில் மின்கட்டண ரசீதுகளுக்கு மேலேயே வைத்திருக்கிறேன். ரசீது தேடும்போதெல்லாம் உன் கையெழுத்து என்னை முறைக்கிறது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை வசந்தி சொன்னாள். சின்னவனுக்கு வேலை கிடைத்ததும் தெரியும். இங்கும் குறையில்லை; என் சர்க்கரை பழைய இடத்திலேயே நிற்கிறது. குசலம் இத்தோடு போதும். ஊரில் என் நிலத்தைப் பற்றி நீ கேட்ட கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்குமுன் புல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிரிக்காதே.

நாங்கள் கேரவன் தங்குமிடம் தொடங்கியபோது உன் மனைவி "எந்த நடிகர் வருகிறார்?" என்று கேட்டது இந்த வீட்டில் இன்னும் பழசாகவில்லை. இங்கே கேரவனில் வருபவர்கள் ஓய்வுபெற்ற தபால்காரர், தலைமையாசிரியை, அவர்களுடைய நாய்கள். சக்கரம் வைத்த வீட்டைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்தால் கேரவன். இன்ஜினும் வீடும் ஒன்றாக இருந்தால் மோட்டார்ஹோம். 1960-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி விலக்குப் பெற்ற சங்கம் ஒன்று சான்றிதழ் கொடுத்துவிட்டால், தனி உரிமம் இல்லாமலே ஒருவர் தன் நிலத்தில் ஐந்து கேரவன் வரை தங்க விடலாம். வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்தரையில் ஐந்து இடம் ஒதுக்கி, எண் எழுதிய கட்டைகளை நட்டோம். வசந்தி அவற்றை 'மனை' என்றுதான் சொல்கிறாள். ஒன்றாம் மனை, இரண்டாம் மனை. அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் உன் கடிதம் எனக்கு நினைவு வரும். சரி, அது பிறகு.

இந்த வருடம் ஈஸ்டர் மார்ச் 31. அங்கே மேட்டூர் இறங்கிக்கொண்டே போகிறது, ஜூன் 12-க்குத் திறக்குமா என்று நீங்கள் வானத்தைப் பார்க்கிறீர்கள். இங்கே அதற்கு நேர் எதிர். 2022 அக்டோபரிலிருந்து இந்த மார்ச் வரையான 18 மாதங்களில் இங்கிலாந்தில் பெய்ததுபோல, 1836-இல் கணக்கெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து எந்தப் 18 மாதத்திலும் பெய்ததில்லையாம். இந்தப் பக்கத்து மண் சிவப்புக் களிமண். காய்ந்தால் செங்கல், நனைந்தால் அல்வா.

வெள்ளிக்கிழமை மாலை நாலே கால் டன் மோட்டார்ஹோம் ஒன்று வந்தது. இதில் ஒரு வேடிக்கை: 1997 முதல் கார் உரிமம் வாங்கியவர்கள் அதை வைத்து மூன்றரை டன் வரைதான் ஓட்டலாம், அதற்கு முன்பு வாங்கியவர்கள் ஏழரை டன் வரை. ஆகவே வண்டி எவ்வளவு கனமோ ஓட்டுபவருக்கும் அவ்வளவு வயது. இவர் நல்ல மனிதர், வரும்போதே வசந்திக்கு ஒரு ஜாடி தேன் கொடுத்தார். மூன்றாம் மனையில் நிறுத்தினார். சனி, ஞாயிறு இரண்டு இரவும் மழை. திங்கள் காலை கிளம்பும்போது "கொஞ்சம் பொறுங்கள், பலகை கொண்டுவருகிறேன்" என்று நான் கொட்டகைக்கு ஓடினேன். திரும்புவதற்குள் அவர் மிதித்துவிட்டார்.

புல் கிழியும் சத்தத்தை நீ கேட்டிருக்க மாட்டாய். நனைந்த சாக்கைக் கிழிப்பதுபோல இருக்கும். முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. ஒரு நொடி பச்சையாக இருந்த இடம் மறுநொடி பழுப்பு, அடுத்த நொடி சிவப்பு. நான்காம் மனைப் பெண்மணியின் வெள்ளைக் கேரவன் மீதும் அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பைக்குள்ளும் என் நிலம் போய் விழுந்தது. நான் கையை ஆட்டி நிறுத்தச் சொல்ல, ஓட்டியவர் அதை "போ, போ" என்று எடுத்துக்கொண்டார். வண்டியின் வயிறு தரையில் உட்கார்ந்த பிறகுதான் ஓய்ந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரோடு வந்து பத்து நிமிடத்தில் இழுத்துவிட்டார். மிச்சம், முழங்கால் ஆழத்தில் இரண்டு பள்ளங்கள். வசந்தி அந்தத் தேன் ஜாடியை இன்னும் திறக்கவில்லை.

இதில் என் தூக்கத்தைக் கெடுத்தது ஒன்று. அந்த டிராக்டர் மோட்டார்ஹோமைவிடக் கனமானது. அதே ஈரத்தில் வந்து, நின்று, இழுத்துப் போனது. அதன் சுவடு விரல் ஆழம்கூட இல்லை.

விடை டயர் காற்றில் இருந்தது. டயருக்குள் என்ன அழுத்தமோ ஏறக்குறைய அதுதான் அடியில் இருக்கும் மண்ணின் மேலும் விழும். டிராக்டரின் அகல டயரில் 15 பவுண்டு. காரில் 30, 35. மோட்டார்ஹோமின் பின்டயரில் 80! அதோடு இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றை இழுப்பது முன்சக்கரம். கட்டில், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் எல்லாம் பின்னால். பின்பாரமான வண்டியில் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டுத் தூக்குமே, அதே கதை. இழுக்க வேண்டிய சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு இல்லை, பாரம் சுமக்கும் சக்கரம் தரையைவிட்டு எழவில்லை. இப்போது சரிவில் நிற்கும் வண்டிகளை மூக்கு கீழே பார்க்க நிறுத்தச் சொல்கிறேன். கிளம்பும்போது சரிவே தள்ளிவிடும்.

அன்று பள்ளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணை விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று, தேய்த்த சுவர்போல. எங்கேயோ தொட்ட ஞாபகம். அப்பா நாற்று நடுவதற்கு முன்னால் தொளி அடித்த வயல்! கேஜ் வீல் டிராக்டர் வராத காலம், இரண்டு ஜோடி மாடு. மண்ணின் கண்களை அடைத்து, தண்ணீர் கீழே இறங்காதபடி மெழுகுவதுதானே சேறடிப்பது. நாம் காசு கொடுத்துச் செய்வதை அந்தத் தேன்காரர் இலவசமாகச் செய்துகொடுத்திருக்கிறார். நெல்லுக்கு அது வரம். இந்தப் புல்லுக்கு வேர் மூச்சு முட்டும், தண்ணீர் தேங்கும், பாசி வரும். ஒரு மூட்டை நாற்று அனுப்பேன், மூன்றாம் மனையில் நட்டுவிடுகிறேன்.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்ததுபோல இருக்கிறேன். முதலில் பிளாஸ்டிக் வலை வாங்கினேன். பாய் போலச் சுருட்டி வரும், தடித்த வலை. புல்லை ஒட்ட வெட்டி, அதன் மேல் விரித்து, 'ப' வடிவ இரும்பு முளைகளால் அறைய வேண்டும். சில வாரங்களில் புல் கண்கள் வழியே வளர்ந்து வலையை விழுங்கிவிடும். சக்கரத்தின் பாரம் பரவி விழும், பிடிப்பும் கிடைக்கும். நான் அவசரத்தில் தொய்வாக விரித்துவிட்டேன். முதல் தடவை புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டியதும் வலையின் மடிப்பு கத்தியில் சுற்றிக்கொண்டது. வசந்தி ஜன்னலிலிருந்து பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பயம். மறுநாள் இருவருமாகப் பாய் நெய்கிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக் கட்டினோம். இப்போது மேலே நடந்தால் பாதத்துக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை.

பிளாஸ்டிக்கை மண்ணில் புதைக்கிறாயா என்று நீ கேட்பாய். எனக்கும் உறுத்துகிறது. இரண்டாம் உலகப் போரில் புல்தரையில் விமானம் இறக்குவதற்கு இதையே கம்பி வலையில் செய்திருக்கிறார்கள். சோமர்ஃபெல்ட் என்ற ஜெர்மன்காரர் இங்கிலாந்துக்கு வந்து கண்டுபிடித்தது. விமானத்துக்குக் கம்பி போதுமாக இருந்திருக்கிறது, ஓய்வுபெற்றவரின் கழிப்பறைக்குப் பிளாஸ்டிக் வேண்டியிருக்கிறது.

ஆனால் பாதி வலையைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டேன் என்று பிறகுதான் புரிந்தது. மனைகளில் ஒரு வண்டி நிற்கிறது, அவ்வளவுதான். வாயிற்கதவை ஒட்டிய பதினைந்து அடியிலும், உள்ளே வந்து திரும்பும் வளைவிலும் எல்லா வண்டியும் போகிறது, வருகிறது, ஸ்டியரிங்கை முறுக்குகிறது. நம் ஊரிலும் களம் கெடாது, களத்து வாசல்தான் கெடும். அங்கே வலை போதாது. மண்ணைத் தோண்டி, தூள் கலக்காத ஜல்லி பரப்பி, துணி விரித்து, மேலே தேனடை போன்ற கட்டங்களைப் பொருத்தி, அந்த அறைகளில் மண்ணும் மணலும் நிரப்பி விதைக்க வேண்டும். விளிம்புவரை நிரப்பக் கூடாது. சற்றுத் தாழ இருந்தால் சக்கரம் கட்டத்தின் மேல் ஓடும், புல்லின் குருத்து அடியில் பிழைத்துக்கொள்ளும். இலையுதிர்காலத்தில் செய்யலாம் என்றிருக்கிறேன். செலவைக் கேட்டால் உனக்கு நெஞ்சு வலிக்கும்.

சக்கரம் மட்டும் எதிரி இல்லை. கேரவன் வாசலில் கூடாரம் கட்டி, அடியில் பாய் விரித்து, இரண்டு வாரம் உட்கார்ந்துவிடுவார்கள். எடுத்தால் நீள்சதுரமாக வெளிறிய மஞ்சள். வைக்கோல் போர் பிரித்த இடம் இருக்குமே, அப்படியே. மூன்று நாளுக்கு ஒருமுறை பாயைத் தூக்கி உதறுங்கள் என்று பலகை எழுதி வைத்திருக்கிறேன். பள்ளி மைதானத்தில் நம்மைக் குச்சியோடு விரட்டினாரே வாட்ச்மேன், நான் அவரேதான் இப்போது. அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

இந்த ஊர்ப் புல்லுக்கும் ரோஷம் குறைவு. ரை புல் என்று ஒன்று. தூர் கட்டி நிற்கும், ஓடாது. நடுவில் பொத்தல் விழுந்தால் நாம்தான் விதைத்து மூட வேண்டும். நம் அருகம்புல் என்றால் மேலேயும் கீழேயும் ஓடி ஒரே மழையில் மூடிவிடும். ஆனால் இந்தக் குளிரில் அருகு தூங்கிவிடும். போன வருடம் பிள்ளையார் சதுர்த்திக்கு வசந்தி மூன்றாம் மனை ரை புல்லைக் கிள்ளித்தான் சாத்தினாள். ஈஸ்டரில் நடந்தது அதற்கான பிள்ளையாரின் பதிலாக இருக்கலாம்.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. தாளடி அறுவடைக்கு மழை பிடித்துக்கொண்டபோது, வாடகை கூடுதலானாலும் பரவாயில்லை, டயர் வைத்த அறுவடை வண்டி வேண்டாம், பெல்ட் வண்டிதான் வேண்டும் என்று நீ சண்டை போட்டாயே. அகலப் பட்டை, பரவிய பாரம். நான் ஒரு மாதம் தூங்காமல் கண்டுபிடித்தது அதைத்தான்.

இப்போது உன் கேள்வி. தரகர் உன் நிலத்தோடு என் ஐந்து மா நிலத்தையும் சேர்த்துக் கேட்கிறான், மனை போடப் போகிறார்களாம், என்ன சொல்லட்டும் என்று எழுதியிருந்தாய். எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. சொல்லும் யோக்கியதை இல்லை என்றுதான் எழுதவில்லை. 1989-க்குப் பிறகு அந்த வரப்பில் நான் செருப்பில்லாமல் நின்றதில்லை. உழுதது நீ, நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதி அனுப்பியது நீ. இங்கே நானே ஐந்து மனை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனாலும் சொல்கிறேன். இரண்டு பள்ளங்களை நான் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தோட்டத்து முள்கரண்டியால் பக்கங்களை நெம்பி, மண் போட்டு, விதைத்து, தினமும் குனிந்து பார்த்து, இப்போதுதான் நூல்போல ஏதோ எட்டிப்பார்க்கிறது. ஒரே ஒரு வண்டி, அரை நிமிடம். அங்கே லாரி லாரியாகக் கிராவல் கொட்டி ரோலர் ஓட்டினால் அந்த மண்ணை யார் குனிந்து பார்ப்பார்கள்? என் ஐந்து மாவை விற்க வேண்டாம், சேது. உன்னுடையதைப் பற்றி நான் பேச மாட்டேன். உனக்கு முழங்கால் முடியவில்லை, ஆள் கிடைக்கவில்லை, தெரியும். நீ விற்றாலும் எனக்கு வருத்தம் இருக்காது என்று எழுதப் பார்த்தேன், அது பொய். ஆனால் கோபம் இருக்காது. நீ விட்டுவிட்டால் என் துண்டை யாருக்குக் குத்தகைக்கு விடுவது என்று மட்டும் சொல். தை மாதம் நானே வருகிறேன். டிக்கெட் போட்ட பிறகு எழுதலாம் என்று காத்திருந்ததும் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். இன்று காலை போட்டுவிட்டேன்.

உன் மனைவியிடம் சொல், வரும்போது நடிகர் யாரையும் அழைத்து வரவில்லை.

தொலைபேசி அடித்தது, எழுந்து போய் வந்தேன். சனிக்கிழமைக்கு ஒருவர் இடம் கேட்கிறார். வண்டி என்ன எடை என்றேன். நாலு டன்னாம். வெளியே தூறல் ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் மனைக்குக் குறுக்கே கயிறு கட்டப் போகிறேன்.

உன்,
ராமு