மெரினாவில் எனக்காக அட்டை பிடித்த சகோதரிக்கு

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை நீக்கக் கோரி மெரினாவில் மாணவர்கள் திரண்டபோது, வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த நான் திருச்சியில் வீட்டை விட்டு நகர முடியாதவனாக இருந்தேன். அங்கே போயிருந்த என் தம்பி காணொளி அழைப்பில் கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கையில் அவனுடைய கைப்பேசியில் சார்ஜ் தீரும் நிலை வந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த நீங்கள் யாரும் கேட்காமலே உங்கள் பவர் பேங்கை எடுத்துக் கொடுத்தீர்கள், திரையில் என் கையிலிருந்த டயாலிசிஸ் கட்டுத்துணியைக் கவனித்துவிட்டு, "அண்ணா, உங்களுக்காக என்ன எழுதட்டும்?" என்று கேட்டு, நான் சொன்ன வரியை ஓர் அட்டையில் எழுதி, அதன் கீழே "உடல்நலக் குறைவால் வர இயலாத ஒருவரின் சார்பில்" என்றும் சேர்த்தீர்கள். அந்தக் கடைசி வரியை எழுதும்படி நான் கேட்கவே இல்லை. வராத எத்தனையோ பேரில் ஒருவனாக மறைந்துபோயிருக்க வேண்டிய என்னை அந்தக் கூட்டத்தில் உட்கார வைத்தது அதுதான். இருட்டியதும் எல்லோரும் கைப்பேசி விளக்குகளை உயர்த்தியபோது, என் முகம் தெரிந்த திரையையும் அவற்றோடு உயர்த்திப் பிடித்தீர்கள்.

23ஆம் தேதி காவல்துறை கூட்டத்தைக் கலைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, உங்களுக்கு எதுவும் நேர்ந்திருக்கக் கூடாதே என்றுதான் முதலில் பதறினேன். உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளத் தம்பிக்குத் தோன்றவில்லை. இந்த நன்றி உங்களை வந்தடைந்தால், நலமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள், சகோதரி.