எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று கேட்டாயே

அன்புள்ள மகளுக்கு,

புது லேப்டாப்புக்கு எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். உன் வேலை, பணம், படங்கள் எல்லாம் இனி அந்த ஒரு கணினிக்குள்தான் இருக்கப்போகின்றன. நேரம் எடுத்துப் படி.

முதலில் நீ அனுப்பிய அந்தப் படம். திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம், உள்ளே 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்', பக்கத்தில் பெயர்பெற்ற ஒரு ஆன்டிவைரஸ் கம்பெனியின் சின்னம், அடியில் 'இப்போதே சரிசெய்க' என்று ஒரு பட்டன். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் குரோம் என்று போட்டு, அதையடுத்து வாயில் நுழையாத ஒரு தளத்தின் முகவரி இருக்கிறது. அப்படியென்றால் இதைச் சொல்வது உன் கணினியும் இல்லை, அந்தக் கம்பெனியும் இல்லை. எப்போதோ ஏதோ ஒரு தளம் 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கும், நீயும் அழுத்தியிருப்பாய். அந்த அனுமதியை வைத்துத்தான் அது இப்போது நோட்டிஃபிகேஷன் அனுப்பிப் பயமுறுத்துகிறது. குரோம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போனால் நீ அனுமதி கொடுத்த தளங்கள் வரிசையாக இருக்கும். தெரியாத பெயர் எதுவாக இருந்தாலும் நீக்கிவிடு. எந்தத் தளமும் இனி அனுமதி கேட்கவே கூடாது என்ற தேர்வும் அங்கேயே உண்டு. அதைப் போட்டு வைப்பது நல்லது.

இதன் அண்ணன் ஒன்று இருக்கிறது. திரை முழுக்க அடைத்துக்கொண்டு, சைரன் மாதிரி சத்தம் போட்டு, 'இந்த எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள்' என்று சொல்லும். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது. எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், அப்புறம் பிரவுசரை மூடிவிடு. அதற்கும் மசியவில்லையென்றால் கணினியை அணைத்துவிட்டுப் போட்டால் போதும். பயந்திருக்கும் நேரத்தில் மட்டும் எந்த ஆன்டிவைரஸும் வாங்காதே, அம்மா. பயத்தை வைத்தே பிழைக்கிற கூட்டம் இது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நீ தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். விண்டோஸுடனேயே மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் வருகிறது. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அது முழு ஆன்டிவைரஸ். ஆரம்ப வருடங்களில் சோதனைகளில் பின்தங்கித்தான் இருந்தது. 'டிஃபெண்டர் போதாது' என்று உன் நண்பர்கள் சொல்வது அந்தக் காலத்துப் பேச்சு. ஜெர்மனியில் ஏவி-டெஸ்ட் என்றும், ஆஸ்திரியாவில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்றும் இதற்காகவே சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்புக்கு 6, கணினியை மெதுவாக்காமல் இருப்பதற்கு 6, நல்ல ஃபைலை வைரஸ் என்று தப்பாகப் பிடிக்காமல் இருப்பதற்கு 6 என்று 18-க்கு மதிப்பெண் போடுகிறது. சில வருடங்களாக டிஃபெண்டர் அதில் முழு மதிப்பெண்ணோ அதற்கு மிக அருகிலோ வாங்கிவருகிறது. குறை இல்லாமல் இல்லை. இணையம் இருக்கும்போது காட்டும் திறமை இணையம் இல்லாதபோது அதற்குக் கிடையாது. இணைப்பே இல்லாத இடத்தில் உட்கார்ந்து ஊரார் பென் டிரைவையெல்லாம் செருகுகிற வேலை என்றால் வேறு ஒன்றைப் பார்க்கச் சொல்வேன். உன் வேலை அப்படி இல்லையே.

சோதனை மதிப்பெண்ணைவிட முக்கியமாக நான் பார்ப்பது வேறு. ஆன்டிவைரஸ் என்பது எல்லா அறைச் சாவியையும் கொடுத்து வைத்த காவல்காரர் மாதிரி. நீ திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் அது பார்க்கும், போகும் தளங்களையும் பெரும்பாலும் பார்க்கும். இலவசமாகக் கிடைத்த அவாஸ்ட்டைக் கோடிக்கணக்கான பேர் நம்பிப் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் அது விற்றுக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியில் விஷயம் வெளியே வந்தபிறகுதான் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. அதே 2024-ல் காஸ்பர்ஸ்கி என்ற ரஷ்ய ஆன்டிவைரஸை அமெரிக்கா தடை செய்தது. செப்டம்பரில் அங்கே பலருடைய கணினியில் காஸ்பர்ஸ்கி இருந்த இடத்தில் அல்ட்ராஏவி என்ற வேறொன்று தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. மின்னஞ்சலில் முன்கூட்டிச் சொன்னோம் என்றது கம்பெனி. ஆனாலும் திடீரென்று பார்த்துத் திகைத்தவர்கள் பலர். உன் வீட்டுக் கணினியில் இவ்வளவு அதிகாரம் உள்ள ஒன்றை இன்னொருவர் மாற்றி வைக்க முடிகிறதென்றால், யாரை உள்ளே விடுகிறோம் என்று யோசிக்கத்தானே வேண்டும்? டிஃபெண்டரைப் பொறுத்தவரை ஏற்கெனவே விண்டோஸை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறோம், புதிதாக இன்னொருவரை நம்ப வேண்டியதில்லை.

கடையில் நாலு பெயரைப் பார்த்து ஒப்பிட்டாலும் அவை நாலு கம்பெனி என்று நினைத்துவிடாதே. நார்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவீரா நான்குமே இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். அப்படியும் பணம் கொடுத்து வாங்குவதானால் முதல் வருட விலையைப் பார்க்காதே, புதுப்பிக்கும்போது என்ன விலை என்று பார். பெரும்பாலும் நன்றாகக் கூடியிருக்கும், கார்டிலிருந்து தானாகவே எடுத்தும் விடுவார்கள். வாங்கிய அன்றே ஆட்டோ ரினியூவலை நிறுத்திவிடு. ஒரே சமயத்தில் இரண்டு ஆன்டிவைரஸ் மட்டும் ஓடக் கூடாது, ஒன்றையொன்று இடிக்கும். உன் லேப்டாப்பிலேயே ஒன்று ட்ரையலாக வந்திருக்கும் பார். அதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய். டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும். ஸ்டார்ட்டில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தட்டி, 'ரியல்-டைம் புரொடெக்ஷன்', 'கிளவுட்-டெலிவர்ட் புரொடெக்ஷன்', 'டேம்பர் புரொடெக்ஷன்' மூன்றும் ஆன் ஆக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்.

மிச்சமாகிற பணத்தில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கு. ஃபைல்களைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கிற ரேன்சம்வேர் வந்தால் கணினியில் இருப்பதை மட்டுமல்ல, அதில் செருகியிருப்பதையும் பூட்டிவிடும். அதனால் வாரம் ஒருமுறை செருகி, காப்பி எடுத்து, உடனே கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும். கழற்றுவதுதான் இதில் பாதி வேலை.

அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதே. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற ரேன்சம்வேர் உலகத்தையே உலுக்கியதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போட்டுக்கொண்டவர்களிடம் அந்த வழியாக அதனால் நுழைய முடியவில்லை. தம்பிக்குக் கொடுத்த உன் பழைய கணினியில் விண்டோஸ் 10 தானே இருக்கிறது? அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் அந்தக் குறை தீராது. விண்டோஸ் 11-க்கு மாற முடிகிறதா என்று அவனைப் பார்க்கச் சொல்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று போய் டிக் போட்டுவிடு. விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் வாலை மறைத்துவிடுகிறது. பில் என்று வருகிற ஃபைல் பி.டி.எஃப் போலவே தெரியும், டிக் போட்டபிறகு பார்த்தால் அதன் கடைசியில் '.இஎக்ஸ்இ' என்று நிற்கும், அதாவது அது பில் இல்லை, திறந்தால் ஓடுகிற நிரல். 2000-ல் 'ஐ லவ் யூ' வைரஸ் பரவியதும் இந்த மறைப்பை வைத்துத்தான். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் என்று நினைத்துத் திறந்தார்கள், அதுவும் நிரல்தான் என்று காட்டும், பின்னால் ஒட்டியிருந்த '.விபிஎஸ்' கண்ணில் படவில்லை.

அந்த வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரின் கிராக் பதிப்பு நண்பரிடம் இருக்கிறது என்றாயே, அது வேண்டவே வேண்டாம். அதோடு வரும் குறிப்பில் பெரும்பாலும் முதல் வரியே 'ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்றுதான் இருக்கும். அப்படி நிறுத்திவிட்டால் டிஃபெண்டர் என்ன, உலகத்திலேயே விலை கூடியதை வாங்கினாலும் என்ன செய்ய முடியும்? பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டையும், நீ லாகின் செய்து வைத்திருக்கும் கணக்குகளையும் சுருட்டிக்கொண்டு போகிற திருட்டு நிரல்கள் இப்படித்தான் ஏராளமாக வருகின்றன. இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைக்கும் எடிட்டர்கள் இருக்கின்றன, டாவின்சி ரிசால்வைப் பார்.

எதையாவது திறந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் முதலில் வைஃபையைத் துண்டி. பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' உள்ளே ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கும், அதை ஓடவிடு. கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிக்கும், கால் மணி நேரம் போல ஆகும். பாஸ்வேர்டுகளை மாற்றுவதை அந்தக் கணினியில் செய்யாதே, போனிலிருந்து செய். மின்னஞ்சலையும் வங்கியையும் முதலில் மாற்று. அது நடுராத்திரியாக இருந்தாலும் என்னைக் கூப்பிடு.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வா. நீ திரையைக் காட்டு, அந்த நோட்டிஃபிகேஷன் பட்டியலையும் ட்ரையலையும் சேர்ந்தே எடுத்துவிடலாம். அதற்குள் ஹார்ட் டிஸ்க்கை வாங்கி வைத்துவிடு, முதல் காப்பியை அன்றைக்கே எடுத்துவிடுவோம்.

அன்புடன்,
அப்பா