மேசைக்கடியில் இருக்கும் எங்கள் கால்களைப் பற்றி: குமரி மாவட்ட மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மருத்துவம் பார்க்கும் மதிப்பிற்குரிய டாக்டர்மாருக்கு,

வணக்கம். எழுபதைக் கடந்த, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ள ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் நான். களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை என் வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் நாள்தோறும் உங்கள் முன்னால் உள்ள ஸ்டூலில் வந்து உட்காருகிறோம். நாக்கை நீட்டச் சொல்கிறீர்கள், கண்ணிமையை இழுத்துப் பார்க்கிறீர்கள், கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்க்கிறீர்கள், சட்டைக்கு மேலேயே குழலை வைத்து நெஞ்சையும் கேட்டுவிடுகிறீர்கள். வலிக்கிறது என்று நாங்கள் சொன்ன கால்கள் மட்டும் மேசைக்கடியில் இருந்தபடியே இருந்துவிட்டு, யாரும் பார்க்காமல் வீடு திரும்புகின்றன. ஒருமுறை குனிந்து அவற்றைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். இந்த வயதில் கோபப்பட்டால் பி.பி. ஏறும், பி.பி. ஏறினால் மாத்திரை ஏறும், மாத்திரை ஏறினால் என் காலுக்கு என்ன ஆகும் என்பதைக் கீழே விரிவாகச் சொல்லவிருக்கிறேன். ஆகவே சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

காலுக்கு மதிப்பில்லாத ஊர் இல்லை நம்முடையது. குமரிமுனைப் பாறையில் அம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்த பாதச்சுவடு என்று ஸ்ரீபாத மண்டபத்தில் வைத்து வணங்குகிறோம். மகா சிவராத்திரிக்கு முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 சிவாலயங்களுக்கும், கையில் விசிறியோடு, 'கோபாலா, கோவிந்தா' என்று சொல்லிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் ஓடுகிறோம். என் கால்களும் வாலிபத்தில் அந்த ஓட்டம் ஓடியவைதான். இன்று அதே கால்கள் ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில், ஒன்று வலித்தால் மற்றொன்றிற்கு மாறி, அம்மனுக்குச் சற்றும் குறையாத தவத்தைச் செய்துகொண்டிருக்கின்றன.

உங்கள் வாசலிலிருந்தே தொடங்குகிறேன். காத்திருக்கும் கூடத்துச் சுவரில், சர்க்கரை நோயாளிகள் எந்நேரமும் காலணி அணிய வேண்டும், வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்கக் கூடாது என்று வண்ணப்படத்தோடு அறிவுரை ஒட்டப்பட்டிருக்கும். அதற்கு நான்கடி தள்ளி, உங்கள் அறைக் கதவில், 'காலணிகளை வெளியே விடவும்' என்ற பலகை தொங்கும். இரண்டையும் எழுதிய கை ஒன்றாகக்கூட இருக்கலாம். சரி, விட்டுவிட்டே வருகிறோம். குளிர்நாட்டு மருத்துவர் நோயாளியின் காலைப் பார்க்க வேண்டுமென்றால் பூட்ஸின் நாடாவை அவிழ்த்து, காலுறையை உருவி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். இங்கேயோ கால் தானாகவே கழுவித் துடைத்து, வெறும் காலாக உங்கள் முன் வந்து நிற்கிறது. அப்படியிருந்தும் அதைப் பார்க்காமல் அனுப்புகிறீர்களே என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

இனி, நான் வாக்களித்த கதை. ரத்தக் கொதிப்புக்கு எனக்கு அம்லோடிபின் எழுதித் தந்தார்கள். நல்ல மருந்து, விலையும் குறைவு, உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உட்கொள்வது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைப்பது அதன் வேலை. அப்படித் தளர்ந்த குழாய்களிலிருந்து நீர் கசிந்து கணுக்காலில் தேங்குவது அதன் பக்கவிளைவு, அளவு கூடினால் வீக்கமும் கூடும். சில வாரங்களில் சாயங்காலமானால் என் இரு கணுக்கால்களும் உப்பி, செருப்பின் வார் பதிந்த தடம் இரவு வரை மறையாமலிருந்தது. போய்ச் சொன்னேன். காலைப் பார்க்காமலே, 'நீராக்கும்' என்று சொல்லி, நீர் பிரிவதற்கு ஃபுரோசமைட் எழுதப்பட்டது. உடம்பில் நீர் மிகுந்து வந்த வீக்கமல்லாததால் அந்த மாத்திரைக்கு அது அவ்வளவாக வற்றவில்லை. நான்தான் இரவெல்லாம் குளியலறைக்கும் கட்டிலுக்குமாக நடந்து வற்றிப்போனேன்.

நீர் மாத்திரைக்கு இன்னொரு குணமுண்டு, அது ரத்தத்தில் யூரிக் அமிலத்தை ஏற்றும்; அந்த அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்தால் கௌட் என்கிற மூட்டுவலி வரும். ஒருநாள் நடுச்சாமத்தில் வலது கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, மேலே கிடந்த போர்வையின் நுனி பட்டாலே உயிர் போகிற வலி வந்தது. என் மனைவி மின்விசிறியை நிறுத்தினாள், காற்றுப் பட்டும் வலிக்கிறது என்று நான் அலறியதால். மறுநாள் அதற்கு வலி நிவாரணி எழுதினார்கள். வலி நிவாரணிகளில் பல, உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி ரத்த அழுத்தத்தை உயர்த்தும், சிறுநீரகத்துக்கும் ஆகாது. அடுத்த முறை பட்டையைச் சுற்றிப் பார்த்தபோது பி.பி. ஏறியிருந்தது. உடனே அம்லோடிபின் 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆயிற்று. கணுக்கால் மறுபடியும் வீங்கத் தொடங்கியது. சுசீந்திரம் தேர்கூட இவ்வளவு ஒழுங்காகப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்திருக்காது.

இந்த வளையத்தை உடைத்தவர் ஒரு முகாமுக்கு வந்திருந்த இளம் மருத்துவர். வயது என் பேத்தியைவிடச் சற்றுக் கூடுதல் இருக்கும். 'பாட்டா, நீங்க தின்னுற மாத்திரை எல்லாத்தையும் எடுத்து மேசையில போடுங்க' என்றார். பையைக் கவிழ்த்தேன். ஒவ்வொரு அட்டையாக எடுத்து, எது எப்போது, எதற்காகத் தொடங்கியது என்று கேட்டு, தேதி வாரியாக வரிசைப்படுத்திவிட்டு, ஸ்டூலை விட்டு இறங்கித் தரையில் குந்தியிருந்து என் கணுக்காலில் பெருவிரலால் அழுத்திப் பிடித்து, குழி விழுகிறதா என்று பார்த்தார். இருதயமும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றனவா என்று சோதனைக்கு எழுதினார். பிறகு கொதிப்பு மாத்திரையையே வேறாக மாற்றி, மற்ற இரண்டையும் நிறுத்தினார். ஒரு மாத்திரையின் கோளாறை அடுத்த மாத்திரையால் மூடும் வேலைதான் எனக்கு அதுவரை நடந்திருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கிற்று. (இதைப் படிக்கும் என் வயதுக்காரர்கள் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டாம், பையைக் கொண்டுபோய்க் கவிழ்ப்பது மட்டுமே நம் வேலை.)

அடுத்தது குதிகால். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது இடது குதிகாலில் ஊசி குத்துவதாகச் சொன்னேன். எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார்கள். எடுத்தவர் வலது காலை எடுத்துவிட்டார். மருத்துவர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, 'பார்த்தீங்களா, எலும்பு முள்ளா வளர்ந்திருக்கு, அதான் வலி' என்றார். வலிப்பது அந்தக் கால் இல்லையே என்று பணிவுடன் தெரிவித்தேன். படத்தை மேசையில் வைத்துவிட்டுச் சற்று யோசித்து, 'அதிலும் இனி வரும்' என்றார். இன்றுவரை வரவில்லை.

அந்தத் தவறான படம் உண்மையில் ஒரு நல்ல பாடத்தைச் சொல்லிற்று: குதிகால் முள் வலியே இல்லாத எத்தனையோ பேர் காலிலும் இருக்கிறது. பெரும்பாலும் வலி, உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் தசைநார்ப் பட்டையின் நைவினால் வருவது. கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டி இழுக்கும் பயிற்சியாலும், மெத்தென்ற செருப்பாலும், பொறுமையாலும் சில மாதங்களில் பலருக்கும் தணிந்துவிடுவது. இதைச் சொல்லப் படமே தேவைப்பட்டிருக்காது. குதிகாலின் உள்பக்கத்தில் விரலை வைத்து அழுத்தியிருந்தால் நானே துள்ளிக் காட்டியிருப்பேன்.

நம் மாவட்டத்தில் முதியவர்கள் ஏன் வர்ம ஆசானிடமும் எண்ணெய் தடவுகிறவரிடமும் போகிறார்கள் என்று நீங்கள் குறைப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். மரத்துப்போன காலில் சூடான கிழி வைத்துக் கொப்புளம் கண்டவர்களைப் பார்த்தவன் என்பதால் உங்கள் குறையில் நியாயம் உண்டென்று ஒப்புவேன். ஆயினும் ஆசான் முதலில் செய்வது என்ன? காலைத் தூக்கித் தன் மடிமீது வைத்துக்கொள்கிறார். அந்த ஒரு காரியத்துக்காகவே அங்கே கூட்டம் நிற்கிறது. உங்களிடம் 'வயசாச்சுல்லா, அப்படித்தான் இருக்கும்' என்ற பதிலைக் கேட்டு வந்தவருக்கு, அந்த மடி பெரிய ஆறுதலாகத்தான் தெரியும்.

கால் மரத்துப்போவது வலியைவிட மோசமானது. எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் சித்திரை மாத வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றினார். எல்லோரும் கல்தளத்தில் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓட, அவர் மட்டும் அசராமல் நிதானமாக நடந்தார். தமக்குச் சூடே தெரியவில்லை, சாமியின் அருள் என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார். சாயங்காலம் அவர் மனைவி தரையில் ஈரத்தடத்தைப் பார்த்துக் காலைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளங்கால் தோல் கழன்றிருந்தது. அந்தப் புண் ஆற மாதங்கள் ஆயின, இரண்டு விரல்கள் போயின. அவர் அதற்கு முன்பு மாதந்தோறும் தவறாமல் சர்க்கரைக்கு மருந்து வாங்கி வந்தவர். ஒருவரும் அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனந்தான். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, உள்ளங்காலில் சில இடங்களில் அதை ஊன்றி, தெரிகிறதா என்று கேட்பது. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பது. பாதத்தின் மேலும் கணுக்காலின் உள்பக்கத்துக்குப் பின்னும் நாடி பார்ப்பது. விரலிடுக்கை விரித்துப் பார்ப்பது. சில நிமிட வேலை. சர்க்கரை உள்ளவருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது இது நடக்க வேண்டும் என்பது நீங்கள் படித்த பாடத்திலேயே இருக்கிறது. மரத்துப்போவதெல்லாம் சர்க்கரையால்தான் என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். நெடுங்காலம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை உட்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் கால் மரக்கும். விரலிடுக்கைப் பற்றி ஒரு வார்த்தை: இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, சேற்றுப்புண் எங்களுக்கு ஆண்டுக்கு இருமுறை வருகிற விருந்தாளி.

1838-இல் மருத்துவ மிஷன் தொடங்கிய நெய்யூர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவோடு மலையேறித் திரும்பும் வழியில் டி. ஹோவர்டு சோமர்வெல் என்ற ஆங்கிலேய மருத்துவர் அங்கே வந்தார். காத்திருந்த நோயாளிக் கூட்டத்தைக் கண்டு, இங்கேயே அறுவை மருத்துவராக இருப்பதென முடிவு செய்தார். 1924-இல் மறுபடியும் மலையேறி, ஆக்சிஜன் இல்லாமல் 8,500 மீட்டருக்கு மேல் கால்பதித்துவிட்டு நெய்யூருக்கே திரும்பினார். அத்தனை உயரம் போனவருக்கு எங்கள் ஊர் மனிதரின் உடம்பைக் குனிந்து பார்க்க முடிந்தது. வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் உணர்விழந்த கால்களில் புண் ஏன் வருகிறது என்று ஆராய்ந்து, செருப்பையும் சிகிச்சையின் ஒரு பகுதியாக்கினார். எம்.சி.ஆர். என்று நாம் சொல்லும் மெத்தென்ற ரப்பர் செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதப்படுகிறது. தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பகுதி விளைகிற இம்மாவட்டத்தில், என் காலின் அளவுக்கு அப்படியொரு செருப்பு கிடைக்க நான் பட்ட பாட்டைக் குலசேகரத்து ரப்பர் மரங்கள் கேட்டால் பாலை நிறுத்திவிடும்.

நான் கேட்பவை பெரிய செலவில்லாதவை. கதவிலுள்ள பலகையைச் சர்க்கரை உள்ளவர்களுக்காவது தளர்த்துங்கள். புதிய மாத்திரை எழுதுமுன் பழைய மாத்திரைப் பையைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். நாங்கள் காலை வைக்க ஓர் உயரமான பலகை போடுங்கள், உங்கள் இடுப்பும் பிழைக்கும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். வருகிற பெண்களிடம், மாத்திரையைக் கையில் கொடுத்தபின் காலையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எங்களுக்கு நகம் வெட்டிவிட ஆள் வேண்டும். என் பெருவிரல் நகம் சிரட்டை போலத் தடித்துவிட்டது. குனிந்தால் கண்ணாடி விழுகிறது, கண்ணாடியைப் பிடித்தால் கை நடுங்குகிறது. வளைகுடாவில் இருக்கும் மகன் மிக உயர்ந்த நகவெட்டி ஒன்றை அனுப்பியிருக்கிறான், அதைக் காலுக்குக் கொண்டுசேர்க்கத்தான் வீட்டில் ஆளில்லை. நாமாக வெட்டப்போய் ஓரத்தைத் தோண்டி, நகம் சதைக்குள் வளர்ந்து, சீழ் பிடித்து, பிறகு உங்களிடமே அறுவைக்கு வருகிறோம். கால் ஆணிக்குக் கடையில் விற்கும் அமிலப் பட்டையை ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிக்கொள்கிறவர்களும் உண்டு. வாரத்தில் ஒரு மதியம், பழகிய நர்ஸ் ஒருவர் நகத்தை நேராக வெட்டி, ஆணியையும் வெடிப்பையும் பார்த்துவிட்டால் பாதிப்பேர் உங்கள் அறை வரை வரவேண்டியிராது. அதற்கும் டோக்கன் உண்டென்றால் எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிவியுங்கள். நிற்பதற்குப் பதிலாக உட்கார ஒரு பெஞ்சு போட்டால், இன்னும் சீக்கிரமாகவே வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தக்கலை வட்டாரம்.