முந்நூறு பூதங்களைக் கரைசேர்த்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும், வணக்கம்.

நான் வரைந்து விற்கும் பூதப் படங்களில் 300-வதை நேற்று மாலை பொதிகட்டி அனுப்பிவிட்டேன். ஒற்றைக் கொம்பு, உடம்பெல்லாம் நீல மயிர், தும்மல் வரப்போகும் அந்த ஒரு நொடியில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற பூதம். முகவரியை ஒட்டிவிட்டு விற்பனை நோட்டில் எண்ணைக் குறிக்கப் போனபோது பேனா அப்படியே நின்றுவிட்டது. இதே நோட்டில் 1 என்று எழுதி ஆறு வருடம் ஆகிறது. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனேன். எந்தப் பக்கத்தில் விரலை வைத்தாலும் யாரோ ஒருவர் கைகொடுத்தது நினைவுக்கு வந்தது. நேரில் நன்றி சொன்னது உண்டு, போனில் சொன்னது உண்டு. எல்லோர் காதிலும் விழும்படி இன்றுவரை சொன்னதில்லை.

பெயர் எதையும் எழுதவில்லை, வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டார்கள். படிக்கும்போது உங்கள் பங்கு எதுவென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் என் தம்பிக்கு.

அப்போது நான் வாழ்த்து அட்டைகளுக்குப் பூவும் இலையுமாக வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் உழைத்து முடித்த ஒரு தாளின் மேல் இந்தியன் இங்க் புட்டி கவிழ்ந்தது. மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டிய படம். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். தம்பி பக்கத்தில் வந்து நின்றான், ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கறை காயும்வரை பொறுத்திருந்து, என் வெள்ளை கவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்) குப்பியைத் திறந்து, தீக்குச்சி முனையால் தொட்டு அந்தக் கறுப்பின் மேல் இரண்டு புள்ளி வைத்தான். "அக்கா, முழிக்குது பாரு" என்றான். நிஜமாகவே முழித்தது. நான் அதற்கு நாலு கால் வரைந்தேன், வால் வரைந்தேன், ஒரே ஒரு காலுக்குச் செருப்பு மாட்டிவிட்டேன். இரண்டு நாள் வேலை போனதை மறந்து, நடுராத்திரியில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தப் படத்தை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அது தம்பியுடையது, அவன் அறையில்தான் இருக்கும்.

ஜெர்மன் கவிஞரும் மருத்துவருமான யுஸ்டினுஸ் கெர்னர் (1786–1862) பார்வை மங்கிய முதுமையில், எழுதும் தாளில் சிந்திய மைக்கறைகளை மடித்து விரித்து, அவற்றில் தெரிந்த உருவங்களுக்குக் கண்ணும் காலும் வரைந்தார் என்று பின்னால் படித்தேன். எங்களுக்கு முன்னால் ஒருவர் இதே மாதிரி மை சிந்திவிட்டு உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

கறையிலிருந்து பூதம் வந்தது சரி. அதற்கு உயிர் கொடுக்கக் கற்றுக்கொடுத்தவர் வேறு. நான் அக்கா என்று கூப்பிடுகிற மூத்த ஓவியர் அவர். என் முதல் பன்னிரண்டு பூதங்களையும் தரையில் பரப்பி, குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பல்லு நல்லா போட்டிருக்கே, கொம்பு நல்லா இருக்கு. ஆனா எதுவும் யாரையும் பார்க்கலையே" என்றார். பிறகு, பிரெஞ்சு ஓவியர் ஓதிலோன் ரெதோன் 1881-இல் கரியில் வரைந்த சிரிக்கும் சிலந்தியின் படத்தை எடுத்துக் காட்டினார். கறுத்து உருண்ட உடம்பு, மயிரடர்ந்த முகம், அதில் காதுவரை நீண்ட சிரிப்பு. கால்களை எண்ணச் சொன்னார். பத்து இருந்தன. நிஜச் சிலந்திக்கு எட்டுத்தான். பயமும் அப்படியே இருக்கிறது, அதன் மேலேயே சிரிப்பும் வந்து உட்கார்ந்திருக்கிறது, ஒன்று மற்றதைத் துரத்தவில்லை. அந்தப் படத்தின் முன்னால் ஒரு மணி நேரம் இருந்திருப்பேன்.

அக்கா சொல்லிக் கொடுத்த கண் பாடம்தான் இன்றைக்கும் எனக்கு மூலதனம். கண்மணியை நட்டநடுவில் வைத்தால் பூதம் பொம்மையாகிவிடும். இரண்டு மணியும் மூக்கை நோக்கி ஒரு மயிரிழை நகர்ந்தால் அது எதையோ யோசிக்கும். மேல் இமைக்குள் பாதி மறைந்தால் ஏங்கும். கடைசியில் ஒளிப்புள்ளி. அது இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் விழ வேண்டும், ஒன்றில் இடமும் மற்றதில் வலமுமாக விழுந்தால் பார்வை செத்துவிடும். கவாஷ் கெட்டியாக இருந்தால் தூரிகை நுனியிலேயே தங்கிவிடும், நீர்த்தால் பரவி, பூ விழுந்த கண் போல ஆகிவிடும். அதனால் முதலில் ஓரத்தாளில் பத்துப் புள்ளி வைத்துப் பார்ப்பேன். பதினொன்றாவதுதான் பூதத்தின் கண்ணுக்குப் போகும். இந்த 300 படங்களில் ஒன்றுகூட இதைத் தவறவிட்டுப் போகவில்லை, அக்கா. மயிருக்கு அல்ட்ராமரீன் நீலம் எடுக்கச் சொன்னதும் நீங்கள்தான். அதன் துகள்கள் சொரசொரப்பான தாளின் பள்ளங்களில் போய்ப் படிந்து, ஒரு கோடுகூடப் போடாமல் பாதி மயிரை அவையே வரைந்துவிடுகின்றன.

பக்கத்து வீட்டுச் செல்லத்துக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஆறு வயதில் ஒருநாள் என் மேசையோரம் நின்று, கையை விரித்து நகத்தை நீட்டிக்கொண்டிருந்த பச்சைப் பூதத்தைக் காட்டி, "இது ஏன் இப்படி நிக்குது?" என்று கேட்டாள். எல்லோரையும் பயமுறுத்தத்தான் என்றேன். "இல்ல. அதுக்கு முதுகு அரிக்குது. கை எட்டல" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், எந்த வகுப்பிலும் எனக்கு இவ்வளவு பெரிய பாடம் கிடைத்ததில்லை. அன்றிலிருந்து பூதத்தின் வடிவத்தை யோசிப்பதற்கு முன்னால் அதற்கு என்ன குறை, என்ன ஆசை என்று யோசிக்கிறேன். ஒரு காலுறையைத் தொலைத்துவிட்டுத் தேடும் பூதம், யாராவது கூப்பிட மாட்டார்களா என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கும் பூதம், கொட்டாவியை அடக்கப் பார்த்துத் தோற்கும் பூதம் எல்லாம் அவள் கொடுத்த திறவுகோலால் வந்தவை. கண்ணம்மா, உனக்கு என் நன்றி.

எல்லாரையும் சொல்லி, அந்த அம்மாவைச் சொல்லாமல் விட மாட்டேன். இரவு வேலைக்குப் போகிறவர். கட்டிலுக்கு அடியில் பூச்சாண்டி இருக்கிறது என்று மகன் தூங்க மறுக்கிறான், அந்தப் பூச்சாண்டியையே வரைந்து தர முடியுமா என்று கேட்டு எழுதியிருந்தார். மகனிடமே போனில் விசாரித்தேன். அதற்கு மூன்று முட்டி, நனைந்த குடையின் வாசனை, பெயர் எதுவும் கிடையாது என்று கிசுகிசுப்பாகச் சொன்னான். மூன்று முட்டியோடு வரைந்து, கையில் ஒரு சின்ன டார்ச்சைக் கொடுத்தேன், இருட்டு என்றால் அதற்கும் பயம் என்பதால். ஒரு மாதம் கழித்து அவர் எழுதிய கடிதத்தில், "இப்போ வேலைக்குக் கிளம்பும்போது என் காலைப் பிடிக்கிறதில்லை. டார்ச்சை அணைக்காதேன்னு அதுகிட்ட சொல்லிட்டுப் படுத்துக்கிறான்" என்று இருந்தது. அந்தக் கடிதத்தை என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். வேலை ஓடாத நாளில் அதைத்தான் படிக்கிறேன்.

அசலை ஒருவர்தான் வாங்க முடியும். பிரதி எடுக்கத் தொடங்கியபோதுதான் அச்சு என்பது தனி உலகம் என்று புரிந்தது. முதலில் கொடுத்த இடத்தில் கத்தரிப்பூ நிறப் பூதம் சேற்று நிறத்தில் வந்தது. ஐம்பது பிரதியும் அப்படித்தான். திரையில் தெரிந்தது வேறு, தாளில் வந்தது வேறு என்று நான் சொன்னதற்கு, அப்படித்தான் வரும் என்றார்கள். பிறகுதான் அச்சக அண்ணனைத் தெரிந்துகொண்டேன். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது, நாலு மைக்குள் அடங்காத நிறங்களில் பளிச்சென்ற கத்தரிப்பூவும் ஒன்று என்று பொறுமையாக விளக்கினார். கூடுதல் மைகள் உள்ள இயந்திரத்தில், நிறமி மையில், பருத்தித் தாளில் எடுத்துப் பார்க்கலாம் என்றார். முழுப்படத்தையும் உடனே அடிக்கவில்லை. இரண்டு விரல் அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாக அடித்து, ஒவ்வொரு கீற்றையும் அசலோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஏழாவது கீற்றில் என் பூதம் திரும்பி வந்தது. அந்த ஏழுக்கும் கணக்கு எழுதவே இல்லை. பிரதியின் இடது கீழ் ஓரத்தில் பென்சிலால் எண், வலது ஓரத்தில் கையெழுத்து என்ற முறையைச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. ஐம்பது என்று சொன்னால் ஐம்பத்தொன்றாவதை அடிக்கக் கூடாது என்று அன்றைக்கு வாக்கு வாங்கிக்கொண்டார். இன்றுவரை காப்பாற்றுகிறேன், அண்ணா.

நாலாவது வருடத்தில் யாரோ என் பூதங்களை எடுத்துச் சட்டையில் அச்சடித்து விற்கத் தொடங்கினார்கள். ஒரே இரவில் மூன்று பேர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், படம்பிடித்து எனக்கு அனுப்பினீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையை வெளியில் பார்த்தது போல அடையாளம் கண்டுகொண்டீர்கள், அதை நினைத்தால் இன்றும் கண் கலங்குகிறது. பதிவு செய்து வைக்கவில்லையே என்று நான் பதறியபோது வழக்கறிஞர் தோழி தைரியம் சொன்னார். 1886-இல் உருவான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையை 1908-இல் திருத்தியபோதே, பதிவு போன்ற நடைமுறை எதுவும் படைப்புரிமைக்கு நிபந்தனை ஆகாது என்று சேர்த்துவிட்டார்கள், வரைந்த நொடியிலிருந்து உரிமை உன்னுடையது என்றார். தேதி போட்ட பென்சில் வரைவுகளையும் அசலின் பெரிய ஸ்கேனையும் இணைத்துக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் அவர்கள் அந்தப் படங்களை நீக்கிவிட்டார்கள். அதற்குமேல் அந்த விஷயத்தில் சொல்ல ஒன்றும் இல்லை.

கடைசியாக, ஒரு தவறைப் பற்றி. இதற்குத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டாம் வருடத்தில் ஓபரா பிங்க் என்ற வண்ணத்தின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. தாளில் வைத்தால் உள்ளிருந்து விளக்கு எரிவது போல இருக்கும். அந்தப் பளபளப்பு அதில் கலந்துள்ள ஒளிரும் சாயத்தால் வருகிறது, வெளிச்சம் பட்டால் அந்தச் சாயம்தான் முதலில் போகும் என்பது எனக்குத் தெரியாது. குப்பியின் மேல் ஒளித்தாங்கும் தரம் அச்சிட்டிருந்தது, நான் படிக்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, வாங்கியவர் ஒருவர் ஒரு புகைப்படம் அனுப்பினார். கன்னம் சிவக்க வெட்கப்பட்டுக்கொண்டிருந்த என் பூதம் காய்ச்சல்காரரைப் போல வெளுத்திருந்தது. கோபித்து ஒரு வார்த்தை எழுதவில்லை அவர். "இதுக்கு உடம்பு சரியில்லைன்னு நினைக்கிறேன், பார்க்கறீங்களா?" என்று மட்டும் கேட்டிருந்தார். பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம், நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யாததால்தான் நான் நொறுங்கிப்போகாமல் கற்றுக்கொண்டேன்.

அக்காதான் மறுபடியும் வழி சொன்னார். வண்ணத்தை ஒரு கீற்றாகத் தீட்டி, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் விட வேண்டும். பிறகு அட்டையை எடுத்தால் உண்மை தெரியும். என்னிடமிருந்த 34 வண்ணங்களையும் அப்படிச் சோதித்தேன். ஆறு தோற்றன. அந்த இளஞ்சிவப்பின் மூடாத பாதியில் வெறும் தாள்தான் மிச்சம். பக்கத்தில் நீலக் கம்பளி அட்டையும் வைத்தேன். நீலம் தோய்த்த எட்டுக் கம்பளித் துண்டுகள், முதலாவது சீக்கிரம் வெளுக்கும், எட்டாவது கடைசிவரை தாங்கும், அவற்றோடு ஒப்பிட்டு ஒரு வண்ணம் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். இப்போது பூதங்களின் கன்னத்துக்கு நான் எடுப்பது குவினாக்ரிடோன் ரோஸ், நிறமிக் குறியீடு பிவி 19. ஓபரா அளவுக்கு மின்னாது. ஆனால் வாங்கிய பிள்ளை வளர்ந்து பெரியவனாகும்போதும் கன்னம் சிவந்தே இருக்கும்.

நோட்டைப் புரட்டி எண்ணிவிட்டேன். 41-க்கும் 96-க்கும் இடையில் அந்த இளஞ்சிவப்போடு போனவை 14. மூன்றை ஏற்கெனவே புதிதாக வரைந்து கொடுத்தாயிற்று. மீதி 11 பேரின் பழைய முகவரிகளுக்கு எழுதினேன், நாலு பேரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதிய எண்ணைப் பாருங்கள். அந்த எண்களுக்குள் இருந்து, உங்கள் பூதத்தின் கன்னமோ நாக்கோ காதோ வெளுத்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அதன் பென்சில் வரைவு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதே பூதத்தை அதே முகத்தோடு மறுபடி வரைந்து அனுப்புகிறேன், செலவு என்னுடையது. பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டாம், இவ்வளவு நாள் உங்களோடு இருந்த பூதம் அது. வெயில் படாத சுவரில் மாட்டி வையுங்கள்.

நிறைந்த நன்றியுடன்,
உங்கள் பூதங்களை வரைகிறவள்